அப்பா யாருக்கும் எடுக்காத போன்

ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அப்பாவின் குசினி மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தோம். அப்பா, நான், கொம்யூன் என்ற நகரசபையிலிருந்து வந்த கிர்ஸ்டன் என்ற அலுவலர்.

இல்லாதவர்கள் நாலு பேர். வன்னியில் போருக்குள் அகப்பட்டிருந்த அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். எங்கே இருக்கிறார்கள் என்று எங்களுக்கும் தெரியாது. இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த ரி.வி.க்கும் தெரியாது.

மேசையின் நடுவில் ஒரு கைத்தொலைபேசி. கூட்டமே அதைப் பற்றித்தான்.

அந்த போன் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா முதுகு ஒத்துழைக்கும்வரை டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் மீன் தொழிற்சாலையில் நின்றவர். முதுகுக்குப் பிறகு இதயமும் முறைப்பாடு செய்யத் தொடங்கியது. அம்மா காலமாகிவிட்டார். எஸ்பியர்க்குக்குக் கொஞ்சம் வெளியே ஒரு சின்ன ஊரில், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். எனக்கு வைலேயில் வேலை. சனி ஞாயிறில்தான் ரயில் ஏறி வருவேன். இப்படித் தனியாக இருக்கும் நோயாளிகளுக்கு அந்த ஊர்க் கொம்யூன் ஒரு போனைக் கொடுத்து, மாதக் கட்டணத்தையும் தானே கட்டும்.

விண்ணப்பம் எழுதியது நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் என்ற பட்டம் இருக்கிறதே... அதோடு சேர்ந்து வரும் உத்தியோகம் இது. வரிக் கடிதம் முதல் பல் வைத்தியர் வரை எல்லாம் என் தலையில்.

கிர்ஸ்டன் வருகிறார் என்றதும் அப்பா ஞாயிறு ஜெபத்துக்குப் போடும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டார். அவருக்கு ஒரே சந்தோசம். ஏன் என்று கேட்டேன்.

"போன் தந்த நாள் தொட்டு ஒரு கோல் எடுத்திருப்பனோ? அரசாங்கக் காசிலை ஒரு குரோனர் வீணாக்கேல்லை எண்டு வடிவாச் சொல்லு தம்பி."

பாராட்டு வாங்கத் தயாராக இருந்தார் மனிதர். கிர்ஸ்டன் சப்பாத்தைக் கழற்றி வைத்தார், கோப்பியை வாங்கினார், பைலைத் திறந்தார்.

"வெளியே எடுத்த அழைப்பு ஒன்றுமில்லை. போன இலையுதிர் காலத்திலிருந்தே ஒன்றுமில்லை" என்றார்.

அப்பாவுக்கு அந்த அளவு டேனிஷ் விளங்கும். பெருமையாகத் தலையாட்டினார்.

"அப்படியென்றால் உங்களுக்கு போன் தேவையில்லை" என்றார் கிர்ஸ்டன்.

ஆட்டிய தலை நின்றது.

"பாவிக்காத உதவியை நாங்கள் தொடர்ந்து கொடுக்க முடியாது" என்று அவர் அன்பாக விளக்கினார். இந்த நாட்டில் ‘முடியாது’ என்பதை எவ்வளவு அன்பாகச் சொல்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? "நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள்."

கேட்டேன்.

"பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவன்" என்றார் அப்பா. "போனைப் பிடிச்சால் லைன் பிஸியாப் போகுமெல்லே?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. படித்த படிப்பு சில வேளைகளில் வாயை மூடவும் உதவுகிறது.

லைன் ஏன் பிஸியாகக் கூடாது? அக்கா எடுப்பாள் என்பதற்காகத்தான். கிளிநொச்சியை விட்டு அவர்கள் வெளிக்கிட்ட கிழமையில், அங்கே ஒரு கொமியூனிக்கேஷன் கடையில் அக்காவைப் பிடித்து, இங்கே ஒரு பொதுத் தொலைபேசியிலிருந்து அப்பா கதைத்தார். இந்தப் புது நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். "கடதாசியிலை எழுதினால் துலையும். மனப்பாடமாக்கு பிள்ளை. எங்கை நிண்டாலும் இந்த நம்பருக்கு எடு. நான் மாத்தமாட்டன்" என்றார். அக்கா திருப்பிச் சொன்னாள். ஒரு எண்கூடப் பிழையில்லை. அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அன்றிலிருந்து அந்த போன் ஒரு தனிப் பிறவி. குளிக்கும்போது சவர்க்காரத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். படுக்கும்போது தலையணைக்குக் கீழே. ஊருக்குள் இருக்கும் தமிழர் எல்லாருக்கும் அறிவித்தாகிவிட்டது. சபையில் பாஸ்டரே ஜெபம் முடிந்ததும் சொன்னார்: "தேவசகாயம் அண்ணையோடை அலுவல் எண்டால் வீட்டை போங்கோ. ஒருத்தரும் போன் எடுக்காதேங்கோ."

‘ஒரு கோல் நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு கோல் வரும் அப்பா, பீப் பீப் என்று கேட்கும்’ என்று நான் எத்தனையோ தரம் விளங்கப்படுத்தினேன். அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. "ஷெல்லடிக்குள்ளை நிண்டு எடுக்கிற பிள்ளைக்கு நான் பீப் எண்டே பதில் சொல்லுறது?"

இதையெல்லாம் கிர்ஸ்டனுக்குச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுசி. ஆனால் பைல் கண்ணாடி போடுவதில்லையே.

"இந்த போன் அப்பா வெளியே கூப்பிடுவதற்குக் கொடுத்தது. வரும் அழைப்புக்காகக் காத்திருப்பதற்கு எங்களிடம் பிரிவு ஒன்றும் இல்லை" என்றார்.

பாருங்கள். சைக்கிளைச் சாத்தி வைப்பதற்குக்கூட விதி இருக்கும் நாடு. காத்திருப்பதற்கு ஒரு பிரிவு இல்லை.

"நாங்கள் காசைக் கட்டுகிறோம். நம்பரை எங்கள் பெயருக்கு மாற்றித் தாருங்கள்" என்றேன்.

"அது கொம்யூனின் ஒப்பந்தத்தில் உள்ள நம்பர். போன் திரும்பினால் நம்பரும் திரும்பிவிடும்."

அப்பாவின் கை மெதுவாக வந்து போனின் மேல் மூடிக்கொண்டது. அதைக் கிர்ஸ்டனும் பார்த்தார். பார்த்ததால்தானோ என்னவோ, ஜூலை வரை தவணை தந்தார். அதுவரை ஒவ்வொரு மாதமும் ஒழுங்காக, வெளியே, சாதாரண அழைப்புகள் போக வேண்டும். போனால் உதவி தொடரும்.

ஆகவே நிலைமை இதுதான். நம்பர் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் அப்பா போன் எடுக்க வேண்டும். அப்பா போன் எடுத்தால் அந்த நேரம் பார்த்து அக்கா எடுத்துவிடலாம்.

நான் ஒரு கால அட்டவணை தயாரித்தேன். கலர் பேனையால் கோடு போட்டு, பிரிஜ் கதவில் ஒட்டினேன். செவ்வாய் பீற்றர் மாமா. வெள்ளி நான். ஆளுக்கு ஒரு நிமிடம்.

பீற்றர் மாமா அப்பாவோடு ஒரே பெல்ட்டில் மீன் வெட்டியவர். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். செவ்வாய்க்கிழமை அப்பா அவருக்கு எடுத்தார். மணி ஒருமுறை அடித்தது. வெட்டுப்பட்டது. திரும்ப எடுத்தார். திரும்பவும் வெட்டுப்பட்டது. கொஞ்ச நேரத்தில் கதவு உடைகிற மாதிரித் தட்டல்... வீட்டுச் செருப்போடு, மூச்சு வாங்க, பீற்றர் மாமா.

"அண்ணை, பிள்ளை எடுத்திட்டாளோ?"

"இல்லையடா. உனக்குத்தான் சும்மா எடுத்தனான். ஏன் வெட்டினனீ?"

"உங்கடை நம்பரைக் கண்டால் வெட்டாமல் என்ன செய்யிறது? லைனைப் பிடிச்சு வைச்சிருக்கச் சொல்லுறியளோ? அதுதான் ஓடியந்தனான்!"

வெள்ளிக்கிழமை என் முறை. நான் வேலையில் இருந்தேன். திரையில் ‘அப்பா’ என்று விழுந்தது. அட்டவணை போட்டவன் நான். மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தியவன் நான். என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? வெட்டினேன். வெட்டிவிட்டு, மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அட்டவணை ஞாபகம் வந்தது.

எடுபடாத கோலுக்குப் பில் வராது. பில் வராவிட்டால் பாவித்ததாகக் கணக்கில்லை. டென்மார்க்கிலேயே ஒருவரும் பதில் சொல்லாத போன் எங்கள் அப்பாவுடையதுதான். அவ்வளவு அன்பு அவர் மேல்.

வழி சொன்னவர் பீற்றர் மாமாதான்.

"அண்ணை, நேரம் சொல்லுற லைன் ஒண்டு கிடக்கு. ஒரு மனுசி. அடிச்ச உடனை எடுப்பாள். நேரத்தைச் சொல்லுவாள். சுகமோ எண்டு கேக்கமாட்டாள், சாப்பிட்டியோ எண்டு கேக்கமாட்டாள். வைச்சாலும் கோவிக்கமாட்டாள்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அசல் டேனிஷ்காரி" என்றார்.

அன்றிலிருந்து காலைத் தேத்தண்ணி குடித்ததும் அப்பா நேரம் கேட்பார். பதிவு செய்த குரல் நேரம் சொல்லும். "தக்" என்று சொல்லி வைப்பார். மெசினுக்கு எதற்கு நன்றி என்று கேட்டால், "அவள் தன்ரை வேலையைச் செய்யிறாள்" என்பார். வைத்ததும் மூன்றரை மணித்தியாலம் கூட்டுவார். "அங்கை இப்ப மத்தியானம்" என்பார். வீட்டு மணிக்கூடுகள் எல்லாம் ஒரு நொடி பிசகாமல் ஓடத் தொடங்கின.

பீற்றர் மாமா இதையும் விடவில்லை. "அரசாங்கம் கதைக்கச் சொல்லிப் போன் குடுத்தால் பெந்தெகொஸ்தேக்காரர் அதுக்குப் பூசை செய்யினம். ஒரு நேரப் பூசை, தவறாமல்!"

"உனக்குப் பகிடி" என்பார் அப்பா. சிரிக்கவும் செய்வார். ஆனால் கை பொக்கற்றுக்குள் போய் போனைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும்.

மே மாதத்தில் போர் முடிந்துவிட்டது என்று ரி.வி. சொன்னது. அடுத்த நாள் வேலையிடத்தில் ஒரு டேனிஷ் நண்பர் என் தோளில் தட்டினார். "உங்கள் நாட்டில் சமாதானம் வந்துவிட்டதாமே! வாழ்த்துகள்." நான் ‘தக்’ என்றேன். வேறென்ன சொல்ல? எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை என்றா?

அந்த வாரம் அப்பா ரி.வி.யைப் போடவே இல்லை. ‘முள்வேலிக்குள்ளை சனத்தை வைச்சிருக்கிறாங்கள், பேர் விபரம் ஒண்டும் விடுறாங்கள் இல்லை’ என்று சபையில் பேசிக்கொண்டார்கள். காலையில் மட்டும் கேட்ட அப்பா பின்னேரமும் நேரம் கேட்கத் தொடங்கினார்.

ஜூன் மாதம். சனிக்கிழமை. நான் வந்து நின்றேன். அப்பா தேத்தண்ணி குடித்து முடித்து, அந்த மனுசிக்கு எடுத்தார். குரல் நேரம் சொல்லிக்கொண்டிருந்தது. திடீரென்று அப்பா போனைக் காதிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார்.

"தம்பி... இது பீப் எண்டுது."

நான் பாய்ந்து போவதற்குள் பீப் நின்றுவிட்டது. திரையில் ஒரு மிஸ்ட் கோல். முன்னால் 94, இலங்கை எண்.

ஏழு மாதம் ஒருவரோடும் கதைக்காமல் காத்த லைன் அது. அன்று அது பிஸியாக இருந்ததற்குக் காரணம், நாங்கள் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததுதான்!

அப்பா யோசிக்கவில்லை. அந்த நம்பரை அமத்தினார். மணி அடித்தது. நான் ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு ஆண் குரல், கிசுகிசுப்பாக.

"ஆர்?"

"நான் டென்மார்க்கிலை இருந்து. இப்ப உதிலை இருந்து ஒரு கோல் வந்தது."

"ஓம் ஐயா, இது முகாம். ஒரு பிள்ளை வந்து மிஸ்ட் கோல் ஒண்டு குடுத்தவ. கொஞ்சம் நிண்டு பாத்திட்டுப் போயிட்டா. தண்ணி வரிசைக்குப் போல."

"பேர் என்ன?"

"பேர் தெரியாது ஐயா. ஒளிச்சு வைச்சிருக்கிற போன், கனக்கக் கேக்கிறேல்லை. ஆளைத் தேடச் சொல்லுறன். நீங்கள் வைச்சிட்டுப் பிறகு எடுங்கோ."

"நான் வைக்கமாட்டன்" என்றார் அப்பா.

"ஐயா, உங்களுக்குக் காசு ஓடுமெல்லே?"

"ஓடட்டும். நீங்கள் வைச்சிடாதேங்கோ ராசா."

அந்த மனிதர் வைக்கவில்லை. அவர் யார், எந்த ஊர், இன்றுவரை தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

என்னிடம் பேர்ஸில் ரெலிபோன் கார்ட் இருந்தது. எங்கள் ஆட்கள் எல்லாரிடமும் இருக்கும். அதில் எடுத்தால் காலணாக் கணக்கு. நேர கோல் என்றால் காசு தண்ணீராய் ஓடும். படித்தவன் அல்லவா, சொன்னேன்: "அப்பா, வைச்சிட்டுக் கார்ட்டிலை எடுப்பம். இரண்டு நிமிசம்தான்."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் கார்ட்டைத் திரும்ப பேர்ஸுக்குள் வைத்தேன்.

நின்றபடியே நின்றார். பற்றறி போய்விடும் என்று சார்ஜரைச் செருகினேன். வயர் கட்டை, எட்டாது. சுவரோடு ஒட்டி நின்றார். கதிரையை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. ஸ்பீக்கரில் முகாம் கேட்டது. காகம். ஒரு குழந்தை விடாமல் அழுதது. பிளாஸ்டிக் வாளி ஒன்று எதிலோ இடித்தது. தூரத்தில் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கள் பேர் இல்லை. எங்கள் குசினி ஜன்னலுக்கு வெளியே ஒரு டேனிஷ்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.

வேறு பிள்ளையாக இருந்தால்?

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். காலடிச் சத்தம். மூச்சிரைப்பு.

"அப்பா?"

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை."

"ஏன் அப்பா எடுக்கேல்லை? அடிச்சுக்கொண்டே கிடந்துது."

"நேரம் கேட்டுக்கொண்டு நிண்டனான் பிள்ளை."

அக்காவுக்கு என்ன விளங்கியதோ. "நாங்கள் மூண்டு பேர் இருக்கிறம் அப்பா" என்றாள்.

எந்த மூன்று பேர் என்று அப்பா கேட்கவில்லை. பின்னால் பிள்ளைகள் இரண்டும் ‘தாத்தா, தாத்தா’ என்று சண்டை பிடித்தன. இரண்டு குரல். அப்போது எங்களுக்கு விளங்கியது. அத்தான் இல்லை.

"சாப்பிட்டனீங்களோ?" என்றார் அப்பா.

"ஓம். நீங்கள் மருந்து போடுறனீங்களோ?"

"போடுறன்."

"தம்பி நிக்கிறானோ?"

நான் நின்றேன். செய்யக்கூடிய ஒன்றைச் செய்தேன். என் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அக்கா திருப்பிச் சொன்னாள். ஒரு எண்கூடப் பிழையில்லை. அதோடு லைன் போய்விட்டது.

அப்பா அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார்.

ஜூலையில் கிர்ஸ்டன் வந்தார். இந்த முறை பீற்றர் மாமாவும் இருந்தார். தட்டில் இருந்த ரோல்ஸுக்காக என்று அவரே சொன்னார். பைல் திறந்தது.

"தினமும் அழைத்திருக்கிறீர்கள். மிகவும் நல்லது. ஆனால் எல்லாமே நேரம் சொல்லும் இயந்திரத்துக்கு..." கிர்ஸ்டனின் குரல் இன்னும் மென்மையானது. "உங்களுக்குத் தனிமையாக இருக்கிறதா?"

"என்னவாம்?"

"உங்களோடை கதைக்க ஆக்கள் இல்லையோ எண்டு கேக்கிறா அப்பா."

கிழமைக்கொருமுறை வந்து அப்பாவோடு கோப்பி குடிக்க ஒரு டேனிஷ் ‘வருகை நண்பரை’ ஒழுங்கு செய்து தரலாம், அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது என்றார் கிர்ஸ்டன்.

"அப்ப நான் ஆர்?" என்றார் பீற்றர் மாமா, வாய் நிறைய ரோல்ஸோடு.

பிறகு கிர்ஸ்டன் பக்கத்தைப் புரட்டினார். ஜூன் மாதம் வெளிநாட்டுக்கு ஒரு அழைப்பு. மிக நீண்ட அழைப்பு. இது நோய்க்காகக் கொடுத்த போன், வெளிநாட்டு அழைப்பு அதன் நோக்கத்துக்கு வெளியே. உதவி நின்றுபோகும். அந்த அழைப்பின் கட்டணமும் எங்களைச் சேரும்.

போனாகப் பாவிக்காதபோது பறிபோக இருந்தது. மெசினோடு கதைத்தபோது தப்பியது. முதல் முறையாக ஒரு மனிதரோடு கதைத்ததும் தகுதி போய்விட்டது. உதவி வாங்குவதற்கும் ஒரு சரியான அளவு துன்பம் வேண்டும் போலிருக்கிறது. குறைந்தாலும் பிழை, கூடினாலும் பிழை.

நான் வாதாடத் தொடங்கினேன். மூன்று பந்தி தயாரித்து வைத்திருந்தேன், நல்ல டேனிஷில். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்தார். போன் வந்த அதே பெட்டி. உள்ளே துடைத்த போன், சுற்றிய சார்ஜர், கிழியாத விளக்கப் புத்தகம். மேசையில் வைத்தார்.

"இனி அவளுக்கு உன்ரை நம்பர் தெரியும்தானே" என்றார் என்னிடம். கிர்ஸ்டனிடம் "தக்" என்றார்.

கிர்ஸ்டன் பெட்டியை எடுத்தார். வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்: "அந்த நீண்ட அழைப்பு மகளோடுதானா?"

"ஓம்" என்றேன். தமிழில் சொன்னது பிறகுதான் உறைத்தது. அவருக்கு விளங்கியிருந்தது.

போன கிழமை பில் வந்தது. அந்த ஒரு கோல் ஒரு வரியில் இருந்தது. காத்து நின்றதற்கும் கதைத்ததற்கும் ஒரே கட்டணம்தான், பிரித்துக் காட்டவில்லை. அப்பா கண்ணாடியைப் போட்டு அதை வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இதை ஒருக்கால் வடிவாப் பார். குறைச்சுப் போட்டிட்டாங்கள் போல கிடக்கு."

பார்த்தேன். பிழையில்லை. ஆயிரத்து நூற்று முப்பத்தெட்டுக் குரோனர்.